உராய்வில் வாழும் பை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், தென்மேற்கு மூலையில், ஸயான் தேசியப் பூங்கா இருக்கிறது. 600 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும் செந்நிறப் பாறைச் சுவர்களை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புபவர்கள்தான் அங்கே அதிகம். சிலர் மட்டும் மேட்டு நிலத்துக்கு ஏறிப்போய், மழைவெள்ளம் காலங்காலமாக அறுத்து வைத்திருக்கும் பிளவுகளுக்குள் கயிறு கட்டி இறங்குகிறார்கள். வெயில் எட்டாத குட்டைகளை நீந்திக் கடக்கிறார்கள். தோள் நுழையாத இடுக்குகளில் உடலைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகை ஒரு சுவரிலும் முழங்காலை எதிர்ச்சுவரிலும் ஊன்றி நகர்கிறார்கள். காலையில் மேலே நுழைந்தவர்கள் மாலையில் கீழே ஆற்றோரம் வெளியே வருகிறார்கள். இதற்குப் பெயர் கேனியனியரிங்.

இந்தப் பயணத்தில் மனிதர்களைவிட அதிகமாக அடிபடுவது அவர்களுடைய முதுகுப்பை. இடுக்கு வந்தால் அது முதுகில் இருக்க முடியாது. கழற்றி, இடுப்புப் பட்டையில் ஒரு வாரால் கட்டி, பின்னால் இழுத்துக்கொண்டே போக வேண்டும். கயிற்றில் இறங்கும்போது கால்களுக்குக் கீழே தொங்கவிடுவார்கள். அது வழியெல்லாம் சுவரில் தேய்ந்துகொண்டே இறங்கும். குட்டைக்கு மேலே நின்று முதலில் பையைத்தான் தண்ணீரில் வீசுவார்கள். மலையேற்றப் பாதைகளில் பத்து ஆண்டுகள் உழைக்கும் மெல்லிய துணிப் பை ஒன்று, இந்தப் பிளவுகளில் ஒரே நாளில் ஓட்டையாகிவிடக்கூடும். அதே பிளவுகளில் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் பைகளும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை விலைப்பட்டியலிலோ துணியின் பெயரிலோ தேடிப் பயனில்லை. பை தேயும் விதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முதலில் பாறையைப் பார்க்க வேண்டும்.

ஸயானின் சுவர்கள் நவஹோ மணற்பாறையால் ஆனவை. ஜுராசிக் காலத்தின் தொடக்கத்தில், ஏறத்தாழ 18 முதல் 19 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அந்த நிலப்பரப்பு முழுவதும் மணல்மேடுகள். பூமியின் வரலாற்றில் நாம் அறிந்த மிகப்பெரிய மணல் பாலைவனங்களில் ஒன்று அது. காற்று உருட்டி உருட்டிக் கொண்டுவந்த குவார்ட்ஸ் மணல், அடுக்கின்மேல் அடுக்காகப் புதைந்து, நிலத்தடி நீரில் கரைந்து வந்த சுண்ணமும் இரும்பு ஆக்சைடும் ஒட்டவைத்ததால் பாறையாயிற்று. ஆக, அந்தச் சுவரைத் தொடுபவர் தொடுவது மெல்லிய பசையால் ஒட்டப்பட்ட மணலைத்தான்.

குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. சாதாரணக் கத்தியின் எஃகு 5.5 அளவில் நிற்கிறது. எஃகையே கீறும் மணல் நைலானை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விஷயம் அத்துடன் முடியவில்லை. மணற்துகள் கடினமானது, துகள்களை ஒட்டிவைத்திருக்கும் சுண்ணம் மென்மையானது. அழுத்தித் தேய்த்தால் துகள்கள் உதிர்ந்து, துணிக்கும் பாறைக்கும் இடையில் உருளத் தொடங்குகின்றன. பொருளறிவியலில் இதை மூன்றாம் பொருள் தேய்மானம் என்பார்கள். தேயும் இரண்டு பொருள்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்று புகுந்து இரண்டையும் அரிக்கிறது.

இரண்டையும் என்று சொன்னதற்குச் சான்று ஸயானின் பிளவுகளிலேயே இருக்கிறது. ஆட்கள் இறங்கியபின் கீழிருந்து கயிற்றை உருவும் இடங்களில், பாறை விளிம்பில் ஆழமான தடங்கள் விழுந்திருக்கின்றன. நம் ஊர்ப் பழைய கிணறுகளின் விளிம்புக் கல்லில் வாளிக் கயிறு பதித்த தடத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மென்மையான கயிறு கல்லை அறுப்பதில்லை. கயிற்றின் இழைகளில் சிக்கிய மணல்தான் அறுக்கிறது. பையின் அடித்துணியிலும் இதே மணல் சிக்குகிறது. ஒருமுறை நெசவின் இடைவெளிகளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், அடுத்த சுவரில் உரசும்போது பை தன் அரத்தைத் தானே சுமந்துகொண்டு வருகிறது.

பாறை ஈரமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். தண்ணீர் ஊறிய மணற்பாறை வலுவிழக்கும். மழைக்குப் பிறகு சில நாட்களுக்கு மணற்பாறையில் ஏறக் கூடாது என்பது யூட்டாவின் பாறையேறிகள் கட்டிக்காக்கும் ஒழுங்கு. ஈரப் பாறையில் பிடிமானங்கள் உடைந்து கையோடு வந்துவிடும் என்பதே காரணம். பிளவுக்குள் குட்டையோரச் சுவர்கள் ஈரமாகவே இருக்கின்றன. அங்கே துகள்கள் தாராளமாக உதிர்கின்றன.

ஐரோப்பாவில் கதை வேறு. ஸ்பெயினின் சியரா தெ குவாரா, பிரான்சின் வெர்தோன் போன்ற புகழ்பெற்ற பள்ளத்தாக்குகள் சுண்ணாம்புக்கல்லில் அமைந்தவை. அந்தக் கல்லின் கால்சைட் மோஸ் அளவில் 3 மட்டுமே. ஓடும் நீர் அதை வழவழப்பாக மெருகேற்றியும் வைத்திருக்கிறது. அங்கே பையின் முதல் எதிரி தண்ணீர். யூட்டாவிலும், ஆஸ்திரேலியாவின் புளூ மவுன்டன்ஸ் மணற்பாறைப் பிளவுகளிலும் முதல் எதிரி மணல். ஆகவே ஒரு பை நீடித்து உழைக்கிறது என்று யாராவது சொன்னால், எந்தப் பாறையில் என்று கேட்காமல் அந்தச் சொல்லை ஏற்க முடியாது.

தேய்மானத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த ஆர்ச்சர்ட் 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட சமன்பாடு அது. தேய்ந்து போகும் பொருளின் கன அளவு, அழுத்தும் பளுவையும் உரசிய தூரத்தையும் பொறுத்துக் கூடுகிறது. தேயும் பொருளின் கடினம் கூடினால் குறைகிறது. உலோகங்களை மனதில் வைத்து எழுந்த கணக்கு என்றாலும் துணிக்கும் வழிகாட்டுகிறது. இந்தச் சமன்பாட்டில் பரப்பு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 10 கிலோ பையைப் 10 மீட்டர் இழுத்தால் போகும் நைலானின் மொத்த அளவு, பை முழு வயிற்றால் உரசினாலும் ஒரு மூலையால் உரசினாலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் வயிற்றால் உரசினால் அந்த இழப்பு பெரிய பரப்பில் பங்கிடப்படும், கண்ணுக்கே தெரியாது. மூலையால் உரசினால் முழு இழப்பும் ஒரே இடத்தில் விழும். அதுதான் ஓட்டை.

எண்களில் பார்ப்போம். 10 கிலோ பையின் பளு முழுவதும் 2 சதுர சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு மூலையில் இறங்கினால், அங்கே அழுத்தம் ஏறத்தாழ 490 கிலோபாஸ்கல். துணிகளின் உழைப்பைச் சோதிக்கப் பரவலாகப் பயன்படும் மார்ட்டின்டேல் கருவி, சோபாத் துணிகளுக்குக் கொடுக்கும் அழுத்தம் 12 கிலோபாஸ்கல். அதுவும் கம்பளித் துணிமீது தேய்க்கிறது. பிளவில் அந்த மூலைக்குக் கிடைப்பது அதைப்போல் 40 மடங்கு, தேய்ப்பதோ குவார்ட்ஸ். எத்தனை ஆயிரம் சுற்றுகள் தாங்கியது என்று துணி விற்பவர்கள் அச்சிடும் எண்களை நான் துணிகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டுமே பயன்படுத்துவேன். ஒரு பையின் ஆயுளை அவற்றிலிருந்து கணிக்க முடியாது.

இதிலிருந்து முதல் பாடம் கிடைக்கிறது: துணியைவிட வடிவம் முக்கியம். பெட்டி மாதிரி நான்கு மூலைகளோடு தைத்த அடிப்பகுதி, நான்கு ஓட்டைகளுக்கு முன்கூட்டியே இடம் குறித்துக் கொடுக்கிறது. அடி உருண்டையாக இருந்தால் பை உருளும், சறுக்கும், பளு இடம் மாறும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பைகள், வளையங்கள், பக்கவாட்டு வலைப்பைகள் எல்லாம் மூலைகளே. வெளியில் எதுவும் துருத்தாத, உருளை வடிவப் பைதான் இடுக்குகளுக்கு ஏற்றது. பார்வைக்கு அழகில்லாத இந்தப் பைகளைப் பழகியவர்கள் தேடி வாங்குவது இதனால்தான்.

வடிவத்தை உள்ளே இருக்கும் சாமானும் தீர்மானிக்கிறது. பழைய பை ஒன்றைக் கையில் எடுத்து ஓட்டைகளை ஆராய்ந்தால், அவை கண்ட இடத்தில் விழுந்தவை அல்ல என்பது தெரியும். ஒன்று தண்ணீர்ப் புட்டியின் அடிவட்டத்தில் கால்பங்கு வளைவு. இன்னொன்று கயிற்றில் இறங்க உதவும் உலோகக் கொக்கியின் முதுகு. உள்ளிருந்து கடினமான பொருள் துணியை வெளியே தள்ள, வெளியிலிருந்து பாறை தேய்க்க, துணி இரண்டுக்கும் நடுவே அரைபடுகிறது. குளிர்நீரில் அணியும் நனையுடையைச் சுருட்டி அடியில் வைத்து, கடினப் பொருள்களை நடுவில் வைத்துச் சுற்றிலும் கயிற்றை நிரப்பினால், எந்தச் செலவும் இல்லாமல் பையின் ஆயுள் கூடிவிடும்.

இனி துணிக்கு வருவோம்.

நைலானை அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு 1935ஆம் ஆண்டு பிப்ரவரியில் உருவாக்கியது. அதே நிறுவனத்தில் ஸ்டெஃபனி க்வோலெக் 1965இல் செய்த கண்டுபிடிப்பிலிருந்து கெவ்லார் பிறந்தது. துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் உடைகளில் இருப்பது அது. எடைக்கு எடை பார்த்தால் கெவ்லார் நார், உறுதிமிக்க நைலானைவிடச் சுமார் இரண்டரை மடங்கு இழுவை தாங்கும். அப்படியானால் பாறையில் தேயும் பைக்குக் கெவ்லார்தானே சிறந்தது என்று யாருக்கும் தோன்றும். அது தவறு. எனக்கு இந்த அத்தியாயத்திலேயே மிகவும் பிடித்த அறிவியல் இங்கேதான் இருக்கிறது.

பாலிமர்கள் கரடுமுரடான பரப்பில் தேய்வதை ஆராய்ந்தவர்கள் ஒரு தொடர்பைக் கண்டார்கள். ராட்னர், லங்காஸ்டர் என்ற இருவரின் பெயரால் அது வழங்குகிறது. ஒரு பொருளின் தேய்மானத்தை அதன் வலிமை மட்டும் தீர்மானிப்பதில்லை. அறுபடும் முன் எவ்வளவு நீள்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. வலிமையையும் நீட்சியையும் பெருக்கினால் எவ்வளவு வருகிறதோ, அந்த அளவுக்குத் தேய்மானம் குறைகிறது. கெவ்லார் 3 அல்லது 4 சதவீதம் நீண்டதுமே அறுந்துவிடும். உறுதிமிக்க நைலான் 20 சதவீதம் வரை நீளும். வலிமையில் இரண்டரை மடங்கு, நீட்சியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே என்று பெருக்கிப் பாருங்கள்: கெவ்லார் நைலானின் பாதியைக்கூட எட்டவில்லை.

நடப்பது இதுதான். மணற்துகளின் முனை ஒரு நாரில் மாட்டி இழுக்கிறது. நைலான் நார் நீண்டு கொடுத்து, துகள் கடந்துபோனதும் பெருமளவு பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அதன் நீள மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன; இழுக்கும்போது பிணைப்பு விட்டு, சற்று நகர்ந்து, மறுபடி பிடித்துக்கொள்ளும். கெவ்லாரின் மூலக்கூறுகள் விறைத்த கோல்கள். வளைந்து கொடுக்க இடமில்லாததால் நார் நீளவாக்கில் மெல்லிய இழைகளாகப் பிளந்துபோகிறது. குண்டைத் தடுக்கும் பொருள் மணலிடம் தோற்பது இப்படித்தான்.

நைலான் தண்ணீர் குடிக்கும். முழுதும் ஊறினால் தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தை ஏற்கிறது. அப்போது அதன் இழுவலிமை 10 முதல் 15 சதவீதம் குறைகிறது. ஆனால் நீட்சி கூடுகிறது. மேலே சொன்ன பெருக்கலை நினைவில் வைத்தால், நாளெல்லாம் தண்ணீரில் கிடக்கும் பைக்கு இது பெரிய இழப்பல்ல என்பது புரியும்.

துணி வாங்கும்போது டெனியர் என்று ஓர் எண் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். 1000 டெனியர் என்றால் 9 கிலோமீட்டர் நூல் ஒரு கிலோ எடை. கார்டுரா என்ற பெயரில் விற்கும் நைலான் துணியின் 1000 டெனியர் நூலுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தடிமனும் சுமார் 30 மைக்ரான். நவஹோ மணற்துகள்களோ 100 முதல் 500 மைக்ரான் வரை இருக்கின்றன. தன்னைவிடப் பல மடங்கு பருமனான, எஃகைக் கீறும் துகளோடு இந்த இழை மோதுகிறது.

தேய்ந்த அடித்துணியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் இந்த மோதலின் வரலாறு கிடைக்கும். பாவும் ஊடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களில் நூலின் முதுகு தட்டையாகியிருக்கும். அங்கே சில இழைகள் அறுந்து பஞ்சுபோல எழுந்து நிற்கும். அந்தப் பஞ்சைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அறுந்த முனைகள் கொஞ்ச காலத்துக்கு மெத்தைபோல இருந்து கீழே உள்ள இழைகளைக் காக்கின்றன. அடுத்த கட்டத்தில் பஞ்சும் உதிர்ந்து, நூலின் நடுப்பகுதி மெலிந்து, நெசவுக்கு இடையே உள்பூச்சு பளபளவெனத் தெரியும். ஒட்டுப்போட அதுவே சரியான நேரம். இன்னும் ஒரு பயணம் தாங்கும் என்று விட்டால், பிறகு ஒட்டுத்துணியைத் தைக்க ஓரம் மிஞ்சாது.

கனமான டெனியர் எப்போதும் நல்லதா? அடிப்பகுதிக்கு ஆம். பக்கங்களுக்கு அதில் பாதி கனம் போதும். ஐரோப்பியப் பைகள் பலவற்றில் லாரித் தார்ப்பாய்போல பாலியெஸ்டர் துணியின்மேல் பிவிசி பூசியிருப்பார்கள். பாறை முதலில் பூச்சைத்தான் தின்னும்; நூலுக்கு வர நேரமாகும். வழவழப்பாக இருப்பதால் இடுக்கில் சிக்காமல் நழுவும். ஆனால் குளிரில் விறைக்கும், எடையும் கூடும். டைனிமா என்ற பாலிஎத்திலீன் நார் கெவ்லாரைப் போலவே குறைவாகத்தான் நீளும். இருந்தும் மிகவும் வழுக்கும் தன்மையால் மணலின் பிடியிலிருந்து தப்பித்துவிடுகிறது. நெசவாக வரும் டைனிமா நன்றாக உழைக்கிறது, விலைதான் மிக அதிகம். என்னைக் கேட்டால், அடியில் 1000 டெனியர் நைலானை இரட்டையாகக் கொடுத்துத் தைத்த எளிய பை, பணத்துக்கு நிறைவான பலன் தரும்.

ஆனால் துணி தோற்கும் முன்பே தையல் தோற்றுவிடுகிறது. நெசவில் ஒவ்வொரு நூலும் பக்கத்து நூலின் அணைப்பில் இருக்கிறது. தையல் நூல் அப்படியல்ல. துணிக்கு மேலே மேடாக, தனியாக நிற்கிறது. பாறை முதலில் தொடுவது அதைத்தான். பை தைக்கும் இயந்திரங்கள் போடும் லாக் ஸ்டிட்ச் தையலில் மேல்நூலும் அடிநூலும் ஒவ்வொரு துளையிலும் பின்னிக்கொள்வதால், ஒரு கண்ணி அறுந்தாலும் உடனே வரிசை முழுவதும் உருவிக்கொண்டு போகாது. அரிசி மூட்டையின் வாயில் போடும் சங்கிலித் தையலில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுவதும் கழன்றுவிடும். இருந்தாலும் லாக் ஸ்டிட்ச் தையலிலும் அறுந்த கண்ணிகள் அடுத்தடுத்து வந்தால் மூட்டு வாய் பிளக்கும்.

தையலை நெருக்கமாகப் போட்டால் உறுதி கூடும் என்று நினைப்பது இயல்பு. ஓர் எல்லை வரை அது சரி. அதற்குமேல் ஊசித் துளைகள் நெருங்கி வந்து, அந்தக் கோட்டிலேயே துணி கிழியத் தொடங்கும். நல்ல பையில் தையல்காரர் செய்வது வேறு. மூட்டுகளை அடியிலிருந்து விலக்கிப் பக்கவாட்டில் ஏற்றிவிடுவார். முடிந்த மட்டும் தையலை உள்பக்கம் வைப்பார். வெளியே வர வேண்டிய தையலின்மேல் ஒரு பட்டையை வைத்து மூடுவார். தோள்பட்டையும் தூக்கும் வளையமும் பையில் சேரும் இடத்தில், முன்னும் பின்னும் நெருக்கமாக ஓட்டிய பார்டேக் தையல் இருக்கும். பழகிய பயணிகள் புதுப் பை வாங்கியதும் வெளித்தெரியும் தையல்மேல் யூரித்தேன் பசையை மெல்லிய கோடாகப் பூசிக் காயவைக்கிறார்கள். ரப்பர்போன்ற அந்தப் பசை தேயட்டும், நூல் பிழைக்கட்டும் என்பது ஏற்பாடு. பசையை மறுபடி பூசலாம். நூலை மறுபடி தைப்பது கடினம்.

ஜிப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை: அது வேண்டாம். மணல் ஏறிய ஜிப்பில் ரன்னர் ஒவ்வொரு முறை ஓடும்போதும் அதன் உள்வாய் அரிக்கப்பட்டு அகலமாகிறது. பிறகு பற்கள் சேராது. சுருட்டி மூடும் வாயோ, நாடாவை இழுத்துக் கட்டும் வாயோ போதும்.

தண்ணீரைப் பற்றிச் சற்று நிதானமாகவே பேச வேண்டும். குட்டையில் விழுந்த பைக்குள் தண்ணீர் புகும். உணவும் மாற்றுடையும் உள்ளே தனியாக நீர்புகாப் பைகளில் இருக்கும். அவற்றில் அடைபட்ட காற்றால் பை மிதக்கும். ஆனால் மீதி இடத்தில் 20 லிட்டர் தண்ணீர் தேங்கினால் கரையேற்றும்போது 20 கிலோ கூடுதல். அந்தப் பளு முழுவதும் தூக்கும் வளையத்தின் தையலிலும் அடிமூட்டிலும் விழுகிறது. ஆகவே அடியில் ஐலெட் துளைகள் வைக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை, 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் அந்த 20 லிட்டரை வடிக்க ஏறத்தாழ 5 நிமிடம் எடுக்கும். நான்கு துளைகள் என்றால் ஒன்றேகால் நிமிடம். இது துளை திறந்திருந்தால் மட்டுமே. மணலும் சருகும் அடைத்துக்கொண்டால் கணக்கு பொய்த்துவிடும். மணல் வெளியேறவும் அதே துளைதான் வழி என்பதால், எண்ணிக்கையும் அகலமும் தாராளமாக இருக்கும் பையே மேல். துளைகள் அடிமூலையில் இருக்கக் கூடாது. ஐலெட்டின் பித்தளை விளிம்பு துருத்திக்கொண்டு, அதைச் சுற்றித் துணி தேயும்.

பை ஒரு சுமை மட்டுமல்ல, சில பிளவுகளில் கருவியும்கூட. ஸயானின் இம்லே போன்ற பிளவுகளில் பாறையில் வெள்ளம் குடைந்த ஆழமான குழிகள் உண்டு. தண்ணீர் வற்றிய காலத்தில் உள்ளே இறங்கினால், வழுக்கும் சுவரில் பிடிமானம் இல்லாமல் மாட்டிக்கொள்ள நேரும். அப்போது கயிறு கட்டிய பையைக் குழியின் மறுவிளிம்புக்கு அப்பால் வீசி, அதன் எடையையே நங்கூரமாக்கி ஏறுகிறார்கள். மணல் நிரப்பிய சிறு பைகளையும் இப்படி வீசுவதுண்டு. ஒரு மனிதரின் எடையில் பெரும்பங்கைக் கயிற்றின் வழியாகப் பையின் வளையம் ஏந்தும் தருணம் அது. உறுதி என்ற சொல்லுக்கு அங்கே கடைக்காரர் சொல்லும் பொருள் போதாது.

இதுவரை பார்த்தது பாறை தரும் மரணம். இன்னொரு மரணம் வீட்டில் நடக்கிறது.

பரணில் சில ஆண்டுகள் கிடந்த காலணியை எடுத்தால் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்வதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பழைய பையின் உட்புறம் பிசுபிசுவென ஒட்டுவதையும் புளித்த நாற்றம் அடிப்பதையும் பார்த்திருக்கிறோம். இரண்டும் ஒரே வேதிவினை. பூச்சாகவும் நுரையாகவும் பயன்படும் பாலியூரித்தேனில் ஒரு வகை எஸ்டர் பிணைப்புகளால் ஆனது. ஈரம் அந்தப் பிணைப்பை உடைத்து ஓர் அமிலத்தையும் ஓர் ஆல்கஹாலையும் தருகிறது. பிறந்த அமிலம் அடுத்த பிணைப்பு உடைவதை விரைவாக்குகிறது. அது இன்னும் அமிலத்தைத் தருகிறது. இப்படித் தன்னைத்தானே முடுக்கிக்கொள்வதால் நெடுநாள் ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு சட்டென்று முற்றிவிடும். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் வேகம் பிடிக்கும். யூட்டாவின் வறண்ட காற்றில் கிடக்கும் பையைவிடச் சென்னையின் அலமாரியில் கிடக்கும் பைக்கு இந்த ஆபத்து அதிகம். ஈதர் வகைப் பாலியூரித்தேன் ஈரத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் வெயிலிலும் ஆக்சிஜனிலும் எஸ்டர் வகையைவிடச் சீக்கிரம் கெடும்.

பயணம் முடிந்த மாலையில் களைப்போடு ஈரப் பையை வண்டியின் பின்பெட்டியில் போட்டு மூடிவிடுவது இந்த வினைக்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுக்கிறது: ஈரம், வெப்பம், நேரம். நல்ல தண்ணீரில் அலசி, மணலை வெளியேற்றி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால் போதும். நிழல் என்று சொல்லக் காரணம், சூரியனின் புற ஊதாக் கதிர் நைலானின் மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டுகிறது; நிறம் வெளுக்கும் முன்பே நீட்சி குறையத் தொடங்கலாம். நீட்சிதான் நைலானின் உயிர் என்று பார்த்தோமே. பிளவுக்குள் வெயில் அதிகம் இல்லை. பையின் வெயில் சேதம் பெரும்பாலும் முற்றத்திலும் வண்டிக் கண்ணாடிக்குப் பின்னாலும்தான் நடக்கிறது.

பை தேய்ந்தால் வாங்கியவருக்கு நஷ்டம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அடித்துணியிலிருந்து காணாமல்போன நைலான் எங்கேயும் போய்விடவில்லை. நுண்ணிழைகளாக அந்தப் பிளவின் மணலிலும் குட்டையிலும் கிடக்கிறது. ஸயான் அமைந்திருக்கும் கொலராடோ பீடபூமியின் பாறைக் குழிகளில், மழை பெய்து நீர் நின்ற சில வாரங்களுக்குள் முட்டையிலிருந்து பொரிந்து, வளர்ந்து, மீண்டும் முட்டையிட்டு மடியும் தேவதை இறால்கள் வாழ்கின்றன. குழி காய்ந்த பின்னும் அந்த முட்டைகள் அடுத்த மழைக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்கும். நாம் அங்கே உதிர்க்கும் நாரும் அதே மணலில்தான் சேர்கிறது. ஒரு பை மெதுவாகத் தேய்வதும், சீக்கிரம் ஒட்டுப்போடப்படுவதும் அந்த உயிர்களுக்கும் நல்லது.

ஆகவே பை வாங்கக் கடைக்குப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: துணியின் பெயரைக் கேட்கும் முன் பையை உள்வெளியாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் மூட்டு எங்கே ஓடுகிறது, தையலின் ஓரத்தில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள், வளையத்தில் பார்டேக் போட்டிருக்கிறதா, துளைகள் எத்தனை என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டுப்போட இடம் விடாமல் தைத்த பை எவ்வளவு விலையானாலும் வேண்டாம். வாங்கிய பையின் மூலையில் பஞ்சு உதிர்ந்து உள்பூச்சு தெரிய ஆரம்பித்த அன்றே, தெருமுனையில் பை தைப்பவரிடம் கொண்டுபோய், உருண்டையாக வெட்டிய கனத்த நைலான் துண்டு ஒன்றை இரட்டைத் தையல் போட்டுத் தரச் சொல்லுங்கள்.